காத்திருக்கும் தெருக்களின் பேராசிரியர்

மேடையில் வீற்றிருக்கும் நலத்துறைச் செயலாளர் அவர்களே! பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களே! நம் பேராசிரியரின் கணவரும், என் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தவருமான பல் மருத்துவர் அவர்களே! அம்மாவை உரித்து வைத்தது போல உட்கார்ந்திருக்கும் மகளே! கேள்வித்தாளும் கையுமாக அலைந்து செருப்புத் தேய்ந்த கள ஆய்வாளர்களே! ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் காத்திருக்கும் தெருக்களின் தாய்மார்களே, பெரியவர்களே! உங்கள் அனைவருக்கும் என் கனத்த நெஞ்சின் வணக்கம்.

பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் இவ்வளவு நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. அதிகாரிகளுக்கு என்று அட்டை ஒட்டியிருக்கிறார்கள். அந்த அட்டையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நீங்கள் எல்லோரும் முன்னால் வாருங்கள். செயலாளர் ஒன்றும் சொல்ல மாட்டார். வாருங்கள், வாருங்கள், நான் காத்திருக்கிறேன். நம் பேராசிரியர் இருந்திருந்தால், நீங்கள் முன்னால் வந்து உட்காரும் வரை மைக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்.

ஆகட்டும். இப்போது கூட்டம் கூட்டம் மாதிரி இருக்கிறது.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? குலுக்கல் பேராசிரியர் என்று இந்த ஊரே செல்லமாக அழைத்த நம் பொருளாதாரப் பேராசிரியருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். இரண்டு வாரங்களுக்கு முன், மதியச் சாப்பாடு முடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நோய் இல்லை, நொடி இல்லை, ஒருவருக்கும் தொந்தரவு இல்லை. நல்ல சாவு. அதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை. அவரே கேட்டால், "எனக்குக் கிடைச்சது சரி, மத்தவங்களுக்கும் இப்படிக் கிடைக்குதான்னு கணக்கெடுத்தீங்களா?" என்றுதான் கேட்பார்!

ஆனால் நண்பர்களே, நீங்கள் அஞ்சலிக்கு மட்டுமா வந்தீர்கள்? இல்லை. எனக்குத் தெரியும். வாசலிலேயே இஸ்திரி போடும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டார். "ஐயா, அவங்க போயிட்டாங்க. எங்க முறையும் அவங்களோட போயிடுச்சா?" அந்தக் கேள்விதான் இந்த மண்டபத்தில் இப்போது மின்விசிறிச் சத்தத்தை விடப் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு நான் புகழுரை பாடினால் இந்த மேடையில் இருக்கும் படத்திலிருந்தே அவர் என்னை முறைப்பார். ஆகவே அதைத் தொட்டுத்தான் பேசப் போகிறேன்.

முதலில், அவர் தொழிலைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஏழைக் குடும்பத்துக்கு அரசு மாதாமாதம் பணமாகவே கொடுத்தால் என்ன ஆகும்? நன்மையா, கெடுதலா? இதை ஆளுக்கு ஆள் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். பேராசிரியர் பேசவில்லை, பார்த்தார். ஒரே மாதிரி இருக்கிற தெருக்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, எல்லோர் கண் எதிரிலும் குலுக்கினார். சீட்டு விழுந்த தெருக்களுக்கு உடனே பணம். விழாத தெருக்களுக்கு இரண்டு வருடம் கழித்துப் பணம். இடைப்பட்ட காலத்தில் இரண்டு பக்கமும் போய் விசாரித்தால், பணம் என்ன செய்தது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சீட்டு விழாத தெருக்களைத் தோற்ற தெரு என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். வந்ததே கோபம்! "யார் தோத்தாங்க? காத்திருக்கிற தெருன்னு சொல்லுங்க. நமக்காகக் காத்திருக்காங்க" என்றார். குலுக்கல் முடிந்ததும் வென்றவர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடத் தயாராக நிற்பார்கள். அவர் அங்கே நிற்க மாட்டார். நேராகக் காத்திருக்கும் தெருவுக்குப் போய், யார் வீட்டிலாவது உட்கார்ந்து, அவர்கள் திட்டுவதை எல்லாம் கேட்டு, அவர்கள் கொடுக்கும் தேநீரையும் குடித்துவிட்டுத்தான் திரும்புவார். திட்டுகிறவர் கையாலேயே தேநீர் வாங்கிக் குடிக்கிற சாமர்த்தியம் இங்கே வேறு யாருக்கு உண்டு?

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே இல்லை என்பது துணைவேந்தருக்குத் தெரியும். நான் தானியக் கட்சி. ஏழைக்குப் பணம் கொடுத்தால் கை மாறிக் கரைந்துவிடும், மூட்டையாகக் கொடுங்கள் என்பேன். அவர் பணக் கட்சி. ஒருநாள் பல்கலைக்கழகத்தில் எங்கள் பொருளாதாரத் துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உங்க சம்பளத்த மூட்டையா கொடுத்தா வாங்கிப்பீங்களா?" அது வேறு என்றேன். "எப்படி வேற?" என்றார். அன்றிலிருந்து பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். வாதத்தில் கடைசி வார்த்தையை எடுத்துக்கொண்டு போவதே அவர் வழக்கம்!

பணத்தைக் கொடுத்தால் குடித்து அழித்துவிடுவார்கள் என்றார்கள். அழித்தார்களா? வேலைக்குப் போகாமல் படுத்துக்கொள்வார்கள் என்றார்கள். படுத்தார்களா? ஒழுகிய கூரையை மாற்றினார்கள். பிள்ளைகள் தட்டில் முட்டை வைத்தார்கள். பழுதாகிக் கிடந்த தையல் இயந்திரத்தை ஓட வைத்தார்கள். ஒரு பெரியவர் ஆளுயரக் கண்ணாடி வாங்கினார். எனக்கு அது உறுத்தியது. "இதெல்லாம் ஒரு செலவா?" என்று கேட்டேன். "அவர் முகத்த அவர் பாக்கறதுக்கு உங்க கையெழுத்து வேணுமா?" என்று பதில் வந்தது. அந்தப் பெரியவரும் இன்று வந்திருக்கிறார், முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா. தலையை நன்றாக வாரிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

இப்படியே போயிருந்தால் காத்திருக்கும் தெருக்களுக்கும் முறை வந்திருக்கும். ஏன் வரவில்லை? அதுதான் இன்றைய கதை.

பணத்தை வீடு வீடாகப் பட்டுவாடா செய்ய ஓர் ஆளை நலத்துறை நியமித்திருந்தது. பட்டுவாடாக்காரர். நல்ல பேச்சுக்காரர், நல்ல சிரிப்புக்காரர், தெருவில் எல்லோரையும் தெரிந்தவர். அந்தத் தெருக்களில் கதவு எண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏழுக்குப் பக்கத்தில் முப்பது இருக்கும், முப்பதுக்குப் பின்னால் மறுபடி ஏழு இருக்கும். நம் ஆய்வாளர்கள் வெயிலில் தலை சுற்றி நின்றார்கள். பேராசிரியர் ஒரு வழி செய்தார். பட்டுவாடாக்காரருக்குத்தான் எல்லா வீடும் தெரியுமே, அவரையே வழிகாட்டச் சொல்லலாம் என்றார். அவரும் மகிழ்ச்சியாக ஒத்துக்கொண்டார். ஆய்வாளர்களுக்குக் குடை பிடித்தார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் தட்டி, அறிமுகம் செய்து, பேட்டி முடியும் வரை வாசற்படியிலேயே நின்று உதவினார்.

உள்ளே ஆய்வாளர் கேட்கிறார்: "பணம் வாங்கும்போது யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டியிருந்ததா?"

வாசலில் பட்டுவாடாக்காரர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்!

என்ன பதில் வரும்? "ஐயையோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அண்ணன் தங்கமான மனுஷன்!" வீட்டுக்கு வீடு இதே பதில். தெருவுக்குத் தெரு இதே பதில். படித்தவர்கள் நாங்கள் எல்லோரும் அதை வாங்கி, கூட்டிக் கழித்து, படம் வரைந்து, ஊழல் அறவே இல்லாத திட்டம் என்று முடிவு கட்டினோம். நண்பர்களே, இப்படி ஒரு தவறை ஆய்வாளர்களைத் தவிர வேறு யாராவது செய்வார்களா? கடைக்காரர் சொல்கிற விலை சரிதானா என்று விசாரிக்கிற குழந்தை கூட அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு விசாரிக்காதே!

தலைநகரில் பெரிய கூட்டம். திரையில் பேராசிரியர் முடிவைக் காட்டினார். கைதட்டல் ஓயவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து கை குலுக்கினார்கள். அப்போது செயலாளராக இருந்தவர், காத்திருக்கும் தெருக்களுக்கும் உடனே விரிவுபடுத்துகிறோம் என்று மேடையிலேயே அறிவித்தார். பேராசிரியர் அந்த வாரம் முழுக்க ஒரே சந்தோஷத்தில் இருந்தார். என்னிடம் கூட அன்பாகப் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையைப் புத்தகமாக அச்சிட வேண்டும், அட்டைக்கு ஒரு புகைப்படம் வேண்டும். பேட்டி எடுக்கும்போது பிடித்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, எது அழகாக இருக்கிறது என்று கணவரைக் கேட்டார். நம் பல் மருத்துவர் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் எதைப் பார்ப்பார்? ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இந்தப் பல்வரிசை யாரோடது? எல்லாப் படத்துலயும் இருக்கே! மேல் வரிசை ரொம்ப அருமை."

பேராசிரியர் குனிந்து பார்த்தார். ஒரு பாட்டியின் தோளுக்குப் பின்னால் வாசலில் அந்தச் சிரிப்பு. ஒரு தையல்காரரின் பின்னால் அதே சிரிப்பு. கைக்குழந்தையோடு இருந்த பெண்ணின் பின்னால் அதே சிரிப்பு. எந்தப் படத்தை எடுத்தாலும் வாசலில் பட்டுவாடாக்காரர்!

எத்தனை பேர் அந்தப் படங்களைப் பார்த்திருப்போம்? நான் பார்த்தேன். ஆய்வாளர்கள் பார்த்தார்கள். யாருக்கும் உறைக்கவில்லை. பல் மருத்துவருக்கு மட்டும் பட்டது, அதுவும் பல்லின் அழகு பட்டது. அன்றே பேராசிரியர் அச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசி வேலையை நிறுத்தச் சொன்னார். அடுத்த வாரம் புது ஆட்களை, வழிகாட்டி இல்லாமல், தெருவுக்கு அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்கச் சொன்னார். அப்போதுதான் வாய் திறந்தது. அண்ணன் தங்கம்தான்; ஆனால் ஒவ்வொரு மாதமும் ஆறில் ஒரு பங்கு அந்தத் தங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவர் என்ன செய்திருக்கலாம்? பூசி மெழுகியிருக்கலாம். அடுத்த அறிக்கையில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கலாம். நானே அப்படித்தான் சொன்னேன்: "விரிவாக்கம் வந்துடட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்." அவர் கேட்கவில்லை. கைதட்டல் வாங்கிய அதே மண்டபத்துக்குப் போய், அதே திரைக்கு முன்னால் நின்று, "போன தடவ நான் இங்க சொன்னது தப்பு. திருடுறவர வாசல்ல நிக்க வச்சிட்டு, திருட்டு நடக்குதான்னு கேட்டிருக்கோம்" என்றார். இந்த முறை யாரும் கை தட்டவில்லை. ஊழல் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், இனி எப்படி விரிவுபடுத்துவது என்று துறை கையை விரித்துவிட்டது. சீட்டு விழுந்த தெருக்களுக்கு மட்டும் பணம் தொடரும். காத்திருக்கும் தெருக்களின் முறை நிறுத்திவைக்கப்படுகிறது.

உண்மையைச் சொன்னவர் அவர். விலை கொடுத்தவர்கள் நீங்கள்!

அதைச் சொல்ல அவரே உங்கள் தெருவுக்கு வந்தார். நானும் கூட வந்தேன். இஸ்திரி போடும் அக்கா அன்று வாங்கு வாங்கென்று வாங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது. அக்கா, தலையைக் குனிய வேண்டாம், தப்பாகச் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு நல்லவங்கன்னு பேர் வேணும், அதுக்கு எங்க வாயில மண்ணா? ஆறுல ஒண்ணு போனா போகட்டும், அஞ்சு வந்திருக்குமே! இப்ப ஒண்ணுமில்லாம நிக்கறோம்." அதற்குள் துணி கருகி வாசம் வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் பேராசிரியர் என்னிடம், "அவங்க சொல்றது நியாயம். நான் சொன்னதும் நியாயம். ரெண்டையும் ஒண்ணா நிக்க வைக்கணும்" என்றார். அவ்வளவுதான். அன்று தேநீரும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து கண்ணை மூடும் வரை அவர் செய்தது அந்த ஒரே வேலை. பதவி உயர்வு வந்தது, வேண்டாம் என்றார். வெளிநாட்டில் இருந்து அழைப்பு வந்தது, அப்புறம் பார்க்கலாம் என்றார். பணம் ஒரே ஆளின் கை வழியாக வருவதால்தானே அவர் எடுத்துக்கொள்கிறார்? அந்தப் பணத்தைப் பக்கத்தில் உள்ள எந்தக் கடையில் வேண்டுமானாலும் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்தால்? சீட்டு விழுந்த தெருக்களிலேயே மறுபடி வாளியைக் குலுக்கினார். பாதித் தெருக்களுக்குப் பழையபடி ஒரே பட்டுவாடாக்காரர், ஆள் மட்டும் புதியவர். பாதித் தெருக்களுக்கு மளிகைக்கடை, மருந்துக்கடை, கைபேசிக்கடை, எது இஷ்டமோ அது. ஒரு கடைக்காரர் கையை நீட்டினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

என்ன ஆனது? கடைகள் கொடுத்த தெருக்களில், இடையில் எடுத்துக்கொள்கிற பங்கு தேய்ந்து தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது! வேடிக்கை என்ன தெரியுமா? வேலை போன பழைய பட்டுவாடாக்காரரே பணம் கொடுக்கும் ஒரு கடை திறந்தார். முதல் மாதம் ஈ ஓட்டினார். கையை நீட்டுவதை நிறுத்திய பிறகு கூட்டம் வந்தது. இன்றைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒழுங்காகக் கொடுக்கிற கடைகளில் அதுவும் ஒன்று. "பாத்தீங்களா, ஆள் மாறல. பக்கத்துல இன்னொரு கடை வந்துச்சு, அவ்வளவுதான்" என்று பேராசிரியர் குழந்தை மாதிரி குதித்தார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை. போன மாதம் அந்த முடிவை எல்லாம் எழுதி, காத்திருக்கும் தெருக்களுக்கு இந்த வழியில் கொடுங்கள் என்று துறைக்கு அனுப்பினார். பதில் வருவதற்குள் சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அவர் எங்களுக்கு என்ன விட்டுப் போனார்? பட்டமா, பதவியா? ஒரு வாளி. ஒரு வாக்கு. வாளி எங்களிடம் இருக்கிறது. வாக்கு, செயலாளர் அவர்களே, உங்களிடம் இருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் இப்படிக் கேட்பது முறையா என்று துணைவேந்தர் என்னைப் பார்க்கிறார். முறை இல்லைதான். ஆனால் இவ்வளவு பேர் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போது, கேட்காமல் இறங்குவது மட்டும் முறையா? ஆகவே கேட்டுவிடுகிறேன். ஐயா, காத்திருக்கும் தெருக்களின் முறை வருமா, வராதா?

செயலாளர் தலையை ஆட்டுகிறார்... ஐயா, அது பின்வரிசைக்குத் தெரியாது. மைக்கை அந்தப் பக்கம் திருப்புங்கள் தம்பி.

கேட்டதா? கேட்காதவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். வருகிற மாதம் முதல் கொடுக்கிறார்களாம். தன் பேச்சின் கடைசியில் சொல்லலாம் என்று ஆசையாக வைத்திருந்தாராம், நான் இடையில் புகுந்து பிடுங்கிவிட்டேனாம்! மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா. இந்த ஒரு பிடுங்கலை மட்டும் எனக்கு விட்டுக்கொடுங்கள்.

என்னக்கா? சத்தமாகச் சொல்லுங்கள். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கிறார்! சபாஷ்! ஐயா, எழுத்தில் இருக்கிறதா? இருக்கிறது என்கிறார். எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பதும் இருக்கிறதா? அதுவும் இருக்கிறது என்கிறார். போதுமா அக்கா? அழுகிறார். அழட்டும். நானும் அழுகிறேன், யாரும் பார்க்க வேண்டாம்.

கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! இரங்கல் கூட்டமாவது ஒன்றாவது! கண்ணாடிக்காரரே, நீங்களும் தட்டுங்கள்! இந்தச் சத்தத்தைக் கேட்க அவர் இல்லையே என்பது ஒன்றுதான் குறை. என் தோழி இல்லையே என்பது ஒன்றுதான் எனக்குக் குறை.

சரி. போதும், போதும். தட்டியது போதும். நமக்கு வேலை வந்துவிட்டது. கள ஆய்வாளர்களே, புரிகிறதா? பணம் வந்துவிட்டால், அதற்கு முன்னால் இந்த வீடுகள் எப்படி இருந்தன என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வருவதற்கு முன்பே வீடு வீடாகப் போய்க் கேட்டாக வேண்டும். அவர் இருந்திருந்தால் இந்நேரம் மேடையை விட்டு இறங்கிக் கேள்வித்தாளைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் பெயரால் இந்தச் சபையில் உறுதி சொல்கிறேன். நாளைக் காலையே தொடங்குகிறோம். வழிகாட்ட யாரையும் கூட்டிக்கொண்டு வர மாட்டோம். கதவு எண் குழம்பினால் குழம்பட்டும், நாங்களே தேடி வருகிறோம். வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். கேட்டதை அப்படியே எழுதுகிறோம். தப்பாக எழுதியது தெரிந்தால், எந்த மேடையில் சொன்னோமோ அந்த மேடையிலேயே ஏறித் தப்பு என்று சொல்கிறோம்.

தாய்மார்களே, பெரியவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அவருக்கு நீங்கள் மாலை போட வேண்டாம், மண்டபம் கட்ட வேண்டாம். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். பேராசிரியர் அம்மாவின் ஆட்கள் ஆயிற்றே, மனம் நோகக் கூடாதே என்று எங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். அது எங்களைச் சங்கடப்படுத்துமானால், இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.